அருங்காட்சியகத்தில் மனித எலும்பை வைக்கலாமா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கும். விடுமுறைக்குக் குடும்பத்தோடு டெல்லி ஜன்பத்தில் இருக்கும் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கிறீர்கள். ஹரப்பா கூடத்தில் ராக்கிகடிப் பெண்ணின் எலும்புக்கூட்டைப் பார்த்ததும் உங்கள் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விட்டார். முனிர்காவில் உள்ள வீட்டுக்குத் திரும்பியதும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அடுப்படிக்குள் போனாராம். "இதெல்லாம் சயின்ஸ், இதுல என்ன தீட்டு" என்று உங்கள் கணவர் சொல்லப்போக, பேச்சு வளர்ந்துவிட்டது. செத்தவர்களின் உடலை இப்படி வைத்துக் காட்டுவது சரியா, நம் நாட்டில் இதற்குச் சட்டம் ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் வீட்டில் நடந்த விவாதம் தீட்டைப் பற்றியும் அறிவியலைப் பற்றியும் இருக்கலாம். நீங்கள் உண்மையில் கேட்க வந்தது வேறு என்று எனக்குப் படுகிறது: வாய் திறக்க முடியாத அந்தப் பெண்ணின் சார்பில் "சரி" என்றோ "வேண்டாம்" என்றோ சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது? டெல்லியில் பல வருடங்களாக அருங்காட்சியகப் பொருள்களைச் செப்பனிட்டுப் பேணும் வேலையில் இருந்தவள் நான். சிலை, துணி, ஓலைச்சுவடிகளோடு அவ்வப்போது மனித எலும்புகளும் என் மேசைக்கு வந்ததுண்டு. எலும்பை எப்படிக் காப்பது என்பதில் எனக்குப் பயிற்சி உண்டு. சட்டத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில் மட்டும் நான் வக்கீல் இல்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அந்தப் பெண்ணைப் பற்றி உறுதியாகத் தெரிந்தவை. ராக்கிகடி, ஹரியானாவில் ஹிசார் மாவட்டத்தில் இருக்கிறது. டெல்லியிலிருந்து காரில் போனால் காலையில் கிளம்பி மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் ஒரே நாளில் போய் வரக்கூடிய தூரம்தான். 1990களின் கடைசியில் அமரேந்திர நாத் தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது கிடைத்த எலும்புக்கூடு இது. சுமார் 4500 ஆண்டு பழையது. பக்கத்தில் மண்கலங்கள் வைத்து, கையில் இருந்த வளையலைக் கழற்றாமல், அவளை யாரோ நிதானமாக நேரம் எடுத்து அடக்கம் செய்திருக்கிறார்கள். இவ்வளவும் மண்ணிலிருந்து தெரிவது. அவள் பேசிய மொழி, கும்பிட்ட சாமி, செத்த பிறகு உடலுக்கு என்ன ஆகவேண்டும் என்று அவள் நினைத்தாள் என்பதெல்லாம் இன்று யாருக்கும் தெரியாது. அந்த மக்களின் எழுத்தையே இன்னும் படிக்க முடியவில்லை. "ஹரப்பா மக்கள் இப்படித்தான் நம்பினார்கள்" என்று யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள்.

அவளுக்கு வாரிசு என்று யாரைச் சொல்வது? இதே ஊரில் பின்னால் நடந்த இன்னொரு அகழாய்வில் கிடைத்த வேறொரு பெண்ணின் எலும்பிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. 61 மாதிரிகளை முயன்று பார்த்ததில் ஒன்றில்தான் படிக்கக்கூடிய அளவு மரபணு மிஞ்சியிருந்தது. இன்றைய தெற்காசியர்களில் பெரும்பாலானவர்களின் முன்னோரில் அந்தச் சிந்துவெளி மக்களுக்கும் பெரிய பங்கு உண்டு என்பது அந்த ஆய்வின் முடிவுகளில் ஒன்று. அப்படியென்றால் நீங்களும் நானும், டிக்கெட் கிழிக்கிறவரும், வாசலில் நிற்கிற காவலரும் அவளுக்குத் தூரத்துச் சொந்தம். எல்லோரும் வாரிசு என்னும்போது தனியாக யாரும் வாரிசு இல்லை என்றாகிவிடுகிறது. ஒரு சமூகமோ குடும்பமோ வந்து "எங்கள் பாட்டி, கொடுங்கள்" என்று கேட்க வழியில்லை. ஒரு விதத்தில் பார்த்தால், அந்த அறையை விட்டு வெளியே போன உங்கள் மாமியாருக்கு, அவளைப் பற்றிக் கருத்துச் சொல்ல எந்த இயக்குநருக்கும் இருக்கிற அதே பாத்தியதை இருக்கிறது.

அதே கட்டடத்தில் இன்னொரு கூடத்துக்கு நீங்கள் போனீர்களா என்று தெரியவில்லை. அங்கே பொன் வேலைப்பாடுள்ள மண்டபம் ஒன்றில் புத்தரின் எலும்புத் துண்டுகள் இருக்கின்றன. உத்தரப் பிரதேசத்தின் பிப்ரஹ்வாவில் 1970களில் தோண்டி எடுத்தவை. தாய்லாந்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருகிறவர்கள் அதன் முன்னால் விழுந்து கும்பிடுவதைப் பார்க்கலாம். இந்தத் துண்டுகளை 2012இல் இலங்கைக்கும், 2022இல் மங்கோலியாவுக்கும், 2024இல் தாய்லாந்துக்கும் மரியாதையோடு அனுப்பிவைத்தார்கள். மங்கோலியப் பயணத்தில் அரசு விருந்தினர் என்ற அந்தஸ்து, விமானப்படை விமானம், கூடவே மத்திய அமைச்சர். வேடிக்கை என்னவென்றால், அரசின் காகிதத்தில் அதுவும் தொல்பொருள்தான். வெளிநாட்டுக் கண்காட்சிக்கு அனுப்பக்கூடாத உயர் வகையில் வைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் விதிவிலக்குக் கொடுத்து அனுப்புகிறார்கள். ஒரே கூரைக்குக் கீழே ஓர் எலும்பு விருந்தாளியாகப் பயணம் போகிறது, இன்னொன்றின் முன்னால் பள்ளிப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு செல்ஃபி எடுக்கிறார்கள்.

ஆகவே செத்த உடலைப் பார்ப்பதே பாவம் என்பது நம் ஊர் வழக்கம் இல்லை. கோவாவில் புனித பிரான்சிஸ் சேவியரின் உடலைப் பத்து வருடத்துக்கு ஒருமுறை பொதுமக்கள் பார்வைக்கு இறக்கிவைக்கிறார்கள், கடைசியாக 2024 நவம்பரில் தொடங்கி 2025 ஜனவரி வரை. ஸ்ரீரங்கத்தில் உடையவர் சன்னதியில் இருப்பது ராமானுஜரின் திருமேனியேதான் என்று நம்பித்தான் ஆயிரக்கணக்கானவர்கள் சேவிக்கிறார்கள். உங்கள் மாமியாரே அங்கே நின்று சேவித்திருக்கக்கூடும், வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்திருக்கமாட்டார். அந்த இடங்களில் இருப்பவர் யார் என்று கும்பிடுகிறவருக்குத் தெரியும், உறவு ஒன்று இருக்கிறது. ஹரப்பா கூடத்தில் உறவு இல்லை, பெயரும் இல்லை, விளக்குப் பலகையில் காலமும் இடமும் இருக்கின்றன. உங்கள் மாமியாரை உறுத்தியது எலும்பைவிட அந்த வெறுமை என்றுதான் நான் நினைக்கிறேன். இது என் ஊகம், அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

இனி, சந்தேகத்துக்கே இடமில்லாத பக்கம். இறந்தவரே "வேண்டாம்" என்று சொல்லியிருந்தாலோ, இறந்தவரின் மக்கள் இன்று வந்து கேட்டாலோ, அங்கே விவாதம் முடிந்துபோகவேண்டும் என்பது என் கட்சி. சார்ல்ஸ் பர்ன் என்ற ஐரிஷ்காரர் ஏழரை அடிக்கும் மேல் வளர்ந்தவர். தான் இறந்தபின் உடற்கூறு மருத்துவர்கள் கையில் சிக்கக்கூடாது, கடலில் அடக்கம் செய்யவேண்டும் என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டு 1783இல் லண்டனில் இறந்தார். ஜான் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர் பணம் கொடுத்து உடலை வாங்கிவிட்டார். இருநூறு வருடத்துக்கும் மேலாக அந்த எலும்புக்கூடு ஹண்டேரியன் அருங்காட்சியகத்தில் நின்றது. 2023இல்தான் காட்சியிலிருந்து எடுத்தார்கள், ஆராய்ச்சிக்காக உள்ளே வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இது பாதி முடிவு. அவர் கேட்டது கடலை, கிடைத்தது பீரோ. ஆனால் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும்: 2011இல் அவருடைய பல்லிலிருந்து எடுத்த மரபணுவை வைத்து, இந்த அசாதாரண வளர்ச்சிக்குக் காரணமான மரபணுப் பிறழ்வைக் கண்டுபிடித்தார்கள். அதே பிறழ்வு வட அயர்லாந்தில் இன்று வாழும் சில குடும்பங்களிலும் இருக்கிறது. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அது பயன்படுகிற அறிவு. இப்படி ஒரு கணக்கு இருக்கும்போதும் நான் பர்ன் பக்கம்தான். மாதிரி எடுத்தாகிவிட்டது, இனியாவது அவர் சொன்னபடி செய்யலாம்.

சாரா பார்ட்மன் கதை இன்னும் கொடியது. தென்னாப்பிரிக்காவின் கோய்கோய் இனப் பெண். ஐரோப்பாவில் உயிரோடு வேடிக்கைப் பொருளாகக் காட்டினார்கள், 1815இல் பாரிஸில் இறந்த பிறகு எலும்பையும் உடல் உறுப்புகளையும் அருங்காட்சியகத்தில் வைத்து 1970கள் வரை காட்டினார்கள். நெல்சன் மண்டேலா 1994இல் கேட்டார், 2002இல்தான் அவள் ஊர் போய்ச் சேர்ந்தாள். நம் பக்கத்திலும் உண்டு. 1857 கலகத்துக்குப் பிறகு சியால்கோட்டில் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்ட ஆலம் பேக் என்ற சிப்பாயின் மண்டையோடு, 1963இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஒரு மதுக்கடையின் பின்னறையில் கிடைத்தது. கண் குழியில் செருகிவைத்த ஒரு காகிதத்தில் அவர் யார், எப்படிக் கொல்லப்பட்டார் என்ற விவரம் இருந்தது. போரில் ஜெயித்தவன் வீட்டுக்குக் கொண்டுபோன நினைவுப்பொருள். அதற்கு அறிவியல் என்று பெயர் வைக்க யாரும் மெனக்கெடக்கூட இல்லை.

நாகா விவகாரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், அது டெல்லி வரைக்கும் வந்தது. 2024 அக்டோபரில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் டெட்ஸ்வொர்த் என்ற ஊரில் ஓர் ஏல நிறுவனம், கொம்பு பொருத்திய நாகா மண்டையோடு ஒன்றை 3,500 பவுண்டுக்கு மேல் போகும் என்று மதிப்பிட்டு ஏலப்பட்டியலில் போட்டது. நாகாலாந்து முதல்வர் நெய்பியூ ரியோ வெளியுறவு அமைச்சருக்குக் கடிதம் எழுதினார், ஊரே கொதித்தது, ஏலத்திலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்திலும் நாகா முன்னோர்களின் எச்சங்கள் இருக்கின்றன, ஆங்கிலேயர் காலத்தில் மலைக்குப் போன அதிகாரிகளும் மற்றவர்களும் சேகரித்து அனுப்பியவை. அந்த அருங்காட்சியகம் 2020இல் மனித எச்சங்களைக் காட்சியிலிருந்து எடுத்துவிட்டது. திருப்பிக் கொண்டுவரும் பேச்சை நாகா சமூகத்தினரே, நாகா சமரச மன்றம் வழியாக, நடத்திக்கொண்டிருக்கிறார்கள். இங்கேதான் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாத சிக்கல். பழைய காலத்தில் அந்த மலைகளில் ஓர் ஊர் இன்னோர் ஊரின் தலையை வெட்டிக் கொண்டுவரும் வழக்கம் இருந்தது. திரும்பி வரும் மண்டையோடு, தலையை எடுத்த ஊருக்குச் சேரவேண்டுமா, தலையை இழந்த ஊருக்கா? இன்று பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். எந்தச் சடங்கோடு அடக்கம் செய்வது? இதையெல்லாம் அவர்கள் தங்களுக்குள் கிராமம் கிராமமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பதில் கிடைக்க வருடங்கள் ஆகலாம், ஆகட்டும். "இவ்வளவு குழப்பம் இருக்கிறதே, அதுவரை நாங்களே வைத்திருக்கிறோம்" என்று வைத்திருப்பவர் சொல்வதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். குழப்பத்தைத் தீர்ப்பது கேட்கிறவர்களின் வேலை, கொடுப்பது வைத்திருப்பவரின் வேலை.

சரி, அப்படியென்றால் எல்லாவற்றையும் புதைத்துவிடலாமே என்று தோன்றும். என் தொழிலில் இருப்பவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பதற்கு மொகஞ்சதாரோ நல்ல சாட்சி. அங்கே தெருவிலும் வீட்டிலும் சிதறிக் கிடந்த எலும்புக்கூடுகளைப் பார்த்து, ஆரியர்கள் படையெடுத்து வந்து நகர மக்களை வெட்டிக் கொன்ற இடம் என்று தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் 1940களில் எழுதினார். பாடப்புத்தகம் வரைக்கும் போன கதை. 1960களில் இன்னொரு தொல்லியலாளர் ஜார்ஜ் டேல்ஸ் அந்தக் குழிகளின் மண்ணடுக்குப் பதிவுகளைத் திரும்பப் படித்து, அவை எல்லாம் ஒரே காலத்தைச் சேர்ந்தவையே இல்லை என்று காட்டினார். பிற்பாடு எலும்பு ஆய்வாளர் கென்னத் கென்னடி எலும்புகளையே கையில் எடுத்துப் பார்த்தார். படுகொலை நடந்திருந்தால் இருக்கவேண்டிய வெட்டுக்காயங்கள் அநேகமாக இல்லை. எலும்பைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான், ஒரு மக்கள் கூட்டத்தின் மேல் போட்ட கொலைப்பழியும் இன்னொரு கூட்டத்தின் மேல் ஏற்றிய தோல்வியும் கழுவப்பட்டன. 1930களில் மரியாதையாகத் திருப்பிப் புதைத்திருந்தால் வீலர் சொன்னதே வேதவாக்காக நின்றிருக்கும். ஆனால் கென்னடிக்குத் தேவைப்பட்டது ஒரு மேசையும் நல்ல வெளிச்சமும்தான், கண்ணாடிப் பெட்டியும் பார்வையாளர் வரிசையும் தேவைப்படவில்லை. வைத்திருப்பது வேறு, காட்டுவது வேறு. உங்கள் வீட்டில் நடந்த விவாதத்தில் இவை இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன என்று நினைக்கிறேன். உங்கள் கணவரின் வாதம் வைத்திருப்பதற்குத்தான் பொருந்தும்.

வைத்திருப்பதிலும் எனக்குப் பெரிய ஆதங்கம் உண்டு. கண்ணாடிக்குள் இருப்பவளைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், அவள் கொடுத்துவைத்தவள். உள்ளே கிடங்குகளில் இருப்பவற்றைப் பாருங்கள். பெயர் சொல்லவேண்டாம், வட இந்தியாவில் பல இடங்களின் ஸ்டோர் அறைக்குள் வேலையாகப் போயிருக்கிறேன். பழைய மாம்பழ அட்டைப்பெட்டியில் செய்தித்தாளைச் சுற்றி வைத்த தொடை எலும்பு, நாஃப்தலின் உருண்டை நெடி, ராமபாணப்பூச்சி தின்று பாதி எழுத்துப் போன சீட்டு. டெல்லிக் காற்று எலும்புக்குப் பெரிய எதிரி. மே மாதத்தில் ஈரப்பதம் அடிமட்டத்துக்குப் போய் எலும்பு சுருங்கும், ஜூலையில் மழை வந்ததும் ஊறும், இந்த இழுபறியில் நீளவாக்கில் வெடித்து மேல்தோல் செதில் செதிலாக உதிரும். அந்தக் காலத்தில் தோண்டியவர்கள் எலும்பு உடையாமல் இருக்க அரக்கு, மெழுகு, பசை என்று கையில் கிடைத்ததை ஊற்றினார்கள். இன்று அதையெல்லாம் கரைத்து எடுக்கப் பாடுபடுகிறோம், மரபணு எடுக்கவேண்டியவர் தலையில் கைவைத்துக்கொள்கிறார். அமிலம் இல்லாத காகிதம், ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல், மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டி, அழியாத மையில் எழுதிய எண். இவ்வளவுதான் தேவை, பெரிய செலவும் இல்லை.

இதில் சீட்டுத்தான் எல்லாவற்றிலும் முக்கியம். எந்த ஊர், எந்தக் குழி, எந்த ஆழம், யார் தோண்டினார், எந்த வருடம் என்ற விவரம் போய்விட்டால் அந்த எலும்பால் ஆய்வாளருக்கும் பிரயோசனம் இல்லை, நாளைக்குச் சொந்தக்காரர் வந்து கேட்டாலும் கொடுக்க முடியாது. நாகா மக்கள் ஆக்ஸ்ஃபோர்டில் தங்கள் முன்னோரைத் தேட முடிகிறது என்றால் அங்கே பதிவேடு ஒழுங்காக இருப்பதால்தான். கொள்ளையடித்தவன்கூட கணக்கு எழுதி வைத்திருக்கிறான். நாம் ஆக்ஸ்ஃபோர்டைப் பார்த்துக் கேட்கிற கேள்வியை நம் கிடங்குகளைப் பார்த்துக் கேட்டால் எத்தனை இடத்தில் பதில் வரும்? இறந்தவருக்குச் செய்யவேண்டிய முதல் மரியாதை எது என்று என்னைக் கேட்டால் பதிவேடு என்பேன். பூவும் பத்தியும் அப்புறம்.

சட்டம் கேட்டீர்கள். அருங்காட்சியகங்களில் உள்ள மனித எச்சங்களுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப்பொக்கிஷச் சட்டம் சிலை, நாணயம், ஓவியம், சுவடி என்று பேசுகிறது, மனித உடலைத் தனியாக எடுத்துப் பேசவில்லை. அடக்க இடத்தில் அத்துமீறுவது, பிறர் உணர்வையோ மதத்தையோ புண்படுத்தும் நோக்கத்தோடு, அல்லது புண்படும் என்று தெரிந்தே, சடலத்தை அவமதிப்பது முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 297ஆம் பிரிவில் குற்றம், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 301. அந்த நோக்கமோ அந்த அறிவோ இருக்கவேண்டும் என்பதால் அருங்காட்சியகக் காட்சிக்கு அது பொருந்துவது கஷ்டம். அரசமைப்பின் 21ஆம் பிரிவு சொல்லும் கண்ணியம் இறந்த உடலுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1995இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லியிருக்கிறது. டெல்லித் தெருக்களில் இறக்கும் வீடற்றவர்களின் இறுதிச் சடங்கு பற்றி 2002இல் வந்த இன்னொரு வழக்கிலும் அதே திசையில்தான் போனது. அதெல்லாம் நேற்று இறந்தவர்களைப் பற்றியது. 4500 வருடத்துக்கு முன் இறந்தவருக்கு அது எட்டுமா என்பதை எந்த நீதிமன்றமும் தீர்மானித்ததாக நான் படித்ததில்லை.

வெளியூர்களில் எழுதிவைத்த விதிகள் உண்டு. பிரிட்டனில் 2004ஆம் ஆண்டின் மனிதத் திசுச் சட்டம், கடந்த நூறு வருடத்துக்குள் இறந்தவர்களின் உடலைக் காட்சிக்கு வைக்கச் சம்மதம் வேண்டும் என்கிறது, ஆயிரம் வருடத்துக்கு உட்பட்ட எச்சங்களைத் திருப்பிக் கொடுக்கச் சில தேசிய அருங்காட்சியகங்களுக்கு அதிகாரமும் கொடுத்தது. அமெரிக்காவில் பூர்வகுடி மக்களின் கல்லறைகளுக்கான சட்டம் 1990இல் வந்தது. 2024 ஜனவரியிலிருந்து அந்த மக்களின் சம்மதம் இல்லாமல் காட்டவும் கூடாது, ஆராயவும் கூடாது என்று விதியை இறுக்கிவிட்டார்கள். பல பெரிய அருங்காட்சியகங்கள் அவசரமாகத் திரை போட்டு மூடின. உலக அருங்காட்சியகப் பேரவையின் நெறிமுறைகளும் மனித எச்சங்களை அவை எந்தச் சமூகத்திலிருந்து வந்தனவோ அதன் நம்பிக்கையை மனதில் வைத்துக் காட்டவேண்டும் என்றும், எடுக்கச் சொல்லிக் கேட்டால் தாமதிக்காமல் மரியாதையோடு கவனிக்கவேண்டும் என்றும் சொல்கின்றன. அது நெறிதான், சட்டம் இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் இங்கே சொல்லவேண்டியிருக்கிறது. தொல்லியல் எலும்பைவிட எனக்கு அதிக உறுத்தல் தருவது மருத்துவக் கல்லூரி அருங்காட்சியகங்கள். கண்ணாடிச் சாடியில் ஃபார்மலினில் மிதக்கும் உறுப்புகள், முழு வளர்ச்சி அடையாத சிசுக்கள், மூலையில் ஆணியில் தொங்கும் எலும்புக்கூடு. படிப்புக்கு அவை வேண்டும், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் நம் மாநிலங்களின் உடற்கூறியல் சட்டங்கள் எல்லாம் பெரும்பாலும் ஒரே அடித்தளத்தில் நிற்கின்றன: உரிமை கோர ஆள் இல்லாத சடலத்தைக் கல்லூரிக்குக் கொடுக்கலாம். யாருக்கு ஆள் இருக்கமாட்டார்கள்? நடைபாதையில் செத்தவர், வேலை தேடி பீகாரிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ வந்து அட்ரஸ் இல்லாமல் போனவர். அவரிடம் யாரும் கேட்கவில்லை. 1985 வரை உலகத்தின் மருத்துவக் கல்லூரிகளுக்கெல்லாம் எலும்புக்கூடு ஏற்றுமதி செய்த நாடு நம்முடையது, கொல்கத்தாதான் தலைமையிடம். அரசு தடை போட்ட பிறகுதான் அந்த வியாபாரம் வெளிப்படையாக நடப்பது நின்றது. இன்றும் மேற்கு நாட்டு வகுப்பறைகளில் தொங்கும் பழைய எலும்புக்கூடுகளில் பல, பெயர் தெரியாத இந்திய ஏழைகள். 4500 வருடத்துக்கு முந்தைய பெண்ணை நினைத்து வருத்தப்படுகிற நாம், 50 வருடத்துக்கு முன்னால் செத்த ஆளை மறந்துவிடுகிறோம். அவருக்குப் பேரப்பிள்ளைகள் உயிரோடு இருப்பார்கள்.

சரியாகச் செய்யும் வழியும் நம் நாட்டிலேயே இருக்கிறது. பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனத்தில் உள்ள மூளை அருங்காட்சியகத்தில் இருப்பவை குடும்பத்தின் சம்மதத்தோடு வந்தவை. பொதுமக்கள் போய்ப் பார்க்கலாம், மூளையைக் கையில் வாங்கிப் பார்க்கவும் விடுவார்கள். அங்கே போய்விட்டு வந்தவர்கள் யாரும் அருவருப்பாக இருந்தது என்று என்னிடம் சொன்னதில்லை. 2024 செப்டம்பரில் சீதாராம் யெச்சூரி இறந்தபோது உடலை எய்ம்ஸுக்குக் கொடுத்தார்கள். டெல்லியில் உடல்தானத்துக்குப் பதிவு செய்யும் அமைப்புகள் உண்டு, நம் தமிழ்க் குடும்பங்களிலும் பதிவு செய்தவர்களை எனக்குத் தெரியும். கேட்டுப் பெற்றது, கேட்காமல் எடுத்தது என்ற பிரிவினை, பழையது புதியது என்பதைவிட எனக்குப் பெரிது.

தமிழ்நாட்டு வாசகர்கள் ஆதிச்சநல்லூரைக் கேட்பார்கள், அதனால் ஒரு வார்த்தை. அங்கே தாழிகளைத் தோண்டிய குழியிலேயே விட்டு, மேலே கண்ணாடித் தளம் போட்டு, 2023இல் பார்வைக்குத் திறந்தார்கள். இறந்தவரை இடம் பெயர்க்காமல் காட்டுவது பெட்டியில் கொண்டுவந்து வைப்பதைவிட எனக்கு உயர்வாகப் படுகிறது. தலைக்கு மேல் செருப்புக் காலோடு நடக்கிறோமே என்று சங்கடப்படுகிறவர்களும் இருக்கிறார்கள், அதையும் தள்ளிவிட முடியவில்லை. தாழிக்காரர்களைப் பற்றி ஹரப்பாக்காரர்களைவிட நமக்குக் கொஞ்சம் அதிகம் தெரியும். தன்னையும் சேர்த்து வைக்கும் அளவுக்குத் தாழியை அகலமாக வனையச் சொல்லி ஒரு பெண் குயவரைக் கேட்கும் பாட்டு புறநானூற்றில் 256ஆவதாக இருக்கிறது. அது நிரந்தரமாகத் தங்கும் இடம் என்றுதான் அவர்கள் நினைத்திருக்கவேண்டும். கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகையில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளை வைத்து லிவர்பூலில் முகம் வரைந்து 2025இல் வெளியிட்டார்கள். அந்த முகங்களைப் பார்த்தபோது, எலும்பைக் காட்டுவதைவிட இது நல்ல வழி என்று தோன்றியது. நிறமும் மூக்கும் எந்த அளவு உறுதி, எந்த அளவு ஊகம் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவைத்தால் முழுத் திருப்தி.

ராக்கிகடிப் பெண்ணை என்ன செய்யலாம்? என் கையில் விட்டால் திருப்பிப் புதைக்கமாட்டேன். எந்தச் சடங்கு, எந்த மண், யார் செய்வது என்று எதுவும் தெரியாமல் புதைப்பது நம் மனதைச் சமாதானப்படுத்த நாம் செய்துகொள்வதாகத்தான் இருக்கும். ஆனால் இப்போது வைத்திருக்கிற விதத்தை மாற்றுவேன். கூடத்துக்குள் நுழையும் முன்பே "உள்ளே மனித உடல் இருக்கிறது" என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒரு பலகை, பார்க்க விரும்பாதவர் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி. உங்கள் மாமியாருக்கு அன்றைக்கு அது கிடைத்திருந்தால் போதும். படம் எடுக்கத் தடை. இது ஓர் ஆளின் உண்மையான உடல், இன்னாரால் இந்த வருடம் எடுக்கப்பட்டது, இவ்வளவுதான் தெரியும் என்ற விளக்கம். முழுக்க மூடிவிடுவது தீர்வாகும் என்று எனக்குத் தோன்றவில்லை. இங்கிலாந்தின் மான்செஸ்டர் அருங்காட்சியகம் 2008இல் எகிப்திய மம்மிகளைத் துணி போட்டு மூடியது, யாரையும் கேட்காமல் மூடியதால் பார்வையாளர்கள் சத்தம் போட்டு மறுபடி திறக்கவைத்தார்கள். அச்சு எடுத்த நகலை வைக்கலாம் என்று சொல்வோரும் உண்டு. அதில் எனக்கு இரண்டு மனம். நகல் முன்னால் யாரும் தலைக்குக் குளிக்கவும் மாட்டார்கள், ஒரு நிமிடம் நின்று யோசிக்கவும் மாட்டார்கள்.

இதைப் பேச இது நல்ல சமயம். டெல்லியில் வடக்கு பிளாக், தெற்கு பிளாக் என்ற அரசுக் கட்டடங்களில் புதிய தேசிய அருங்காட்சியகம் அமைக்கும் திட்டம் போய்க்கொண்டிருக்கிறது. காட்சிக்கூடங்களைப் புதிதாக வடிவமைக்கும்போது சொல்லாததை, திறந்தபிறகு சொல்லி மாற்றுவது பெரும்பாடு. நீங்கள் இரண்டு காரியம் செய்யலாம். ஒன்று, அருங்காட்சியக இயக்குநருக்கு உங்கள் மாமியாருக்கு நேர்ந்ததை அப்படியே எழுதுங்கள், அவர் பெயரிலேயே எழுதினால் இன்னும் நல்லது. இரண்டு, பத்து ரூபாய் கட்டி ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். உங்கள் பாதுகாப்பில் எத்தனை மனித எச்சங்கள் இருக்கின்றன, எத்தனைக்குக் கிடைத்த இடமும் வருடமும் பதிவேட்டில் இருக்கின்றன, அவற்றைக் காட்டவும் ஆய்வுக்குக் கொடுக்கவும் எழுத்தில் ஏதாவது விதி இருந்தால் அதன் நகல் வேண்டும் என்று கேளுங்கள். "சரியா தப்பா" என்று கேட்டால் மனுவைத் திருப்பிவிடுவார்கள், எண்ணிக்கையும் நகலும் கேட்டால் முப்பது நாளில் பதில் தந்தாகவேண்டும்.